‘சத்தமே இல்லை’ என்று எழுதி, சத்தத்தை வரைவது

இது 32 பக்கப் படப்புத்தகம் ஒன்றின் வேலைக்குறிப்பு. கதை இவ்வளவுதான்: நள்ளிரவில் நீர்யானைக்குத் தாகம். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். யாரையும் எழுப்பாமல் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். எழுத்து முழுக்க நீர்யானையின் கட்சி. ‘மெல்ல நடந்தது. சத்தமே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போகும். படமோ நடந்ததை நடந்தபடி காட்டும். அடிக்கொரு பொருள் சரியும். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் விழித்துக்கொண்டு பின்னால் வரிசையில் சேர்வார். 4 முதல் 6 வயதுக்கானது. பெரியவர் வாசிக்க, குழந்தை படம் பார்க்கும் புத்தகம்.

வேலையின் முழுக் கணக்கும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. காதுக்கு ஒன்று போகிறது, கண்ணுக்கு இன்னொன்று போகிறது. வாசிக்கும் பெரியவரின் பார்வை எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தையின் பார்வை படத்தில் மேய்கிறது. அதனால் நடந்த விஷயம் முதலில் குழந்தைக்குத்தான் தெரியும். பெரியவருக்கும் தெரியாதது, நீர்யானைக்கும் தெரியாதது தனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்ற பெருமிதம்தான் இந்த வயதின் பெரிய சிரிப்பு.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தட்டும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போனதோடு முடியும் ஆங்கிலக் குழந்தைப்பாட்டுக்கு 1882-ல் ராண்டால்ஃப் கால்டிகாட் படம் போட்டபோது, பாட்டு முடிந்த பிறகு இன்னொரு படம் வைத்தார். தட்டு உடைந்து கிடக்கிறது, கரண்டியை முள்கரண்டியும் கத்தியும் அழைத்துப் போகின்றன. பாட்டில் இதற்கு ஒரு சொல் கிடையாது. 1968-ல் பேட் ஹட்சின்ஸ் செய்த ‘ரோஸீஸ் வாக்’ புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள்தான். கோழியைத் துரத்தி வரும் நரி படங்களில் மட்டும்தான் வரும், எழுத்தில் நரி என்ற பேச்சே இல்லை. நீர்யானைப் புத்தகமும் இந்த வழிதான்.

எழுத்தை வெட்டுதல்

முதலில் ஒரு தாளில் மூன்று பத்தி (நெடுவரிசை) போட்டோம்: எழுத்து என்ன சொல்கிறது, படம் என்ன காட்டுகிறது, நீர்யானைக்குத் தெரியாமல் குழந்தைக்கு என்ன தெரிகிறது. மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தில் சிரிப்பு இல்லை என்று பொருள். முதல் வரைவில் 14 இரட்டைப் பக்கங்களில் (விரித்தால் ஒருசேரத் தெரியும் இரு பக்கம் ஓர் இரட்டைப் பக்கம்) 9-க்கு மூன்றாம் பத்தி காலி.

காரணம் எழுத்து. ஐந்தாம் இரட்டைப் பக்கத்தில் முதலில் இருந்தது இது: ‘நீர்யானை திரும்பியபோது அதன் வால் மேசை விரிப்பில் மாட்டிக்கொண்டது. விரிப்பு இழுபட்டு, மேலிருந்த பானை உருண்டு வந்து தலையில் கவிழ்ந்தது. முயல் திடுக்கிட்டு எழுந்தது.’ வாசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதைக் கேட்ட குழந்தைக்குப் படத்தில் கண்டுபிடிக்க மிச்சம் எதுவும் இல்லை. கடைசியில் நின்றது: ‘மெல்லத் திரும்பியது.’ அவ்வளவுதான். பானையும் முயலும் படத்துக்குப் போயின. இப்படியே போனதில் 400-ஐத் தாண்டியிருந்த சொற்கள் 90-க்கு வந்தன.

வெட்டும்போது ஒரே அளவுகோல்தான்: கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் வாக்கியம் போகலாம். படத்தால் சொல்ல முடியாததை வெட்டக் கூடாது. ‘இரவு முழுக்கத் தாகம்’, ‘மூன்றாவது முறையாக’, ‘யாரும் எழவில்லை என்று நினைத்தது’ போன்ற காலமும் எண்ணமும் எழுத்தின் சொத்து. நடுவில் மூன்று இரட்டைப் பக்கங்களைச் சொல்லே இல்லாமல் விட்டுப் பார்த்ததில் வாசிக்கும் குரலின் தாளம் அறுந்தது. பெரியவர் எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல் புரட்டிவிடுகிறார். ஒரே ஒரு சொல்லற்ற பக்கம் போதும். அது 13-ஆம் இரட்டைப் பக்கம்.

பக்கக் கணக்கு

பக்கம் 1 தலைப்பு. 2, 3 உரிமைக்குறிப்பும் சமர்ப்பணமும். 4-5 தொடங்கி 30-31 வரை 14 இரட்டைப் பக்கங்கள். 32 தனிப்பக்கம், இடப்புறம். இது அட்டையோடு ஒட்டும் தாள் தனியாக வரும் கட்டுமானத்துக்கான கணக்கு. உள்தாளையே அட்டையில் ஒட்டுவதாக இருந்தால் 1-உம் 32-உம் பசைக்குள் போய்விடும், கதைக்கு 14 கிடைக்காது. இதைக் கடைசியில் தெரிந்துகொண்டால் ஒரு முழுக் காட்சியைத் தூக்கிப் போட நேரும். ஆகவே அச்சகத்தாரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

பக்க அளவு 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். விரித்தால் 50-க்கு 20. நடந்துபோகும் கதைக்கு இந்த அகலம் தேவை. ஒவ்வொரு இரட்டைப் பக்கத்தையும் முதலில் சின்னதாக வரைந்து பார்க்கும் சிறு கட்டங்கள் 7.5-க்கு 3 செ.மீ., 14-உம் ஒரே ஏ3 தாளில். தனித்தனித் தாளில் வரையக் கூடாது. ஒன்றுபோலவே நான்கு கட்டங்கள் அடுத்தடுத்து நிற்பது ஒரே தாளில் பார்த்தால்தான் கண்ணில் படும்.

டம்மிக்கு, அதாவது கையால் செய்யும் மாதிரிப் புத்தகத்துக்கு, எட்டு ஏ4 தாள்கள். ஒவ்வொன்றிலும் 29.7-க்கு 11.9 செ.மீ. பட்டை வெட்டி, எட்டையும் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தால் 32 பக்கம், அதே 5-க்கு 4 விகிதத்தில் கையில் வந்துவிடும். திரையில் இரட்டைப் பக்கங்களை உருட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. புரட்டும் விரலுக்குக் கீழே என்ன மறைந்திருக்கிறது என்பது தாளில்தான் தெரியும்.

புரட்டல்

பானைக் காட்சி முதலில் ஒரே இரட்டைப் பக்கத்தில் இருந்தது: இடப்பக்கம் வால் மாட்டுகிறது, வலப்பக்கம் பானை கவிழ்கிறது. பக்கத்தைத் திறந்ததும் கண் முதலில் போனது பானைக்கு. விளைவைப் பார்த்த பிறகு காரணத்தைத் தேடினால் சிரிப்பு வராது, விளக்கம்தான் வரும்.

இரண்டாகப் பிரித்தோம். 12-13-ஆம் பக்கங்களில், வலது ஓரத்தில், வால்நுனி விரிப்பின் குஞ்சத்தில் சுற்றியிருக்கிறது. பானை மேசை விளிம்பில் பாதி வெளியே. ‘மெல்லத் திரும்பியது’ என்ற வாக்கியம் முடியும் இடமும் அதே வலது ஓரம். புரட்டினால் 14-15: பானை தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ‘சத்தமே இல்லை.’

பானை காற்றில் விழுந்துகொண்டிருக்கும் கணம் எங்கேயும் வரையப்படவில்லை. வரைந்து பார்த்துத்தான் விட்டோம். விழும் கணம் பதற்றம் தருகிறது. விழப்போவதும் விழுந்து முடிந்ததும் சிரிப்புத் தருகின்றன. நடுவில் நடந்ததைப் பக்கம் புரளும் அந்த ஒரு விநாடியில் குழந்தையே ஓட்டிப் பார்த்துவிடுகிறது.

பானை உடையக் கூடாது என்பதும் இங்கே முடிவானது. முதல் வரைவில் துண்டுதுண்டாகக் கிடந்தது. அதைக் கண்டதும் குழந்தைகளின் பேச்சு ‘யாருக்குத் திட்டு விழும்’ என்று திரும்பியது. அடிபடலாம், உடையலாம் என்ற கவலை இருக்கும்வரை இந்த வயதில் சிரிப்பு வெளியே வராது. விழுந்தவர் நலம் என்று அடுத்த பார்வையிலேயே தெரிந்துவிட வேண்டும். உடையாத பானைக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. அது ஏழு இரட்டைப் பக்கங்களுக்குத் தலையிலேயே இருக்கும், நீர்யானைக்குத் தெரியாது. கடைசியில் எல்லோரும் தண்ணீர் மொள்ள அதுவே உதவும்.

திசையில் ஒரு தவறு நேர்ந்தது. தமிழ் இடமிருந்து வலம் போவதால், வலம் பார்த்து நடப்பவர் போகிறார், இடம் பார்த்து நடப்பவர் திரும்புகிறார். ஏழாம் இரட்டைப் பக்கத்தில் கதவை இடப்பக்கம் போட்டதால் நீர்யானை இடம் நோக்கி நடந்தது. உடனே ‘தண்ணி குடிச்சிடுச்சா?’ என்ற கேள்வி. கதவை வலப்பக்கம் மாற்றியதும் கேள்வி மறைந்தது. இடம் நோக்கித் திரும்புவது புத்தகத்தில் ஒரே இடத்தில் வருகிறது. நீர்யானை பின்னால் திரும்பி வரிசையைக் காணும் 28-29-இல். அதுவரை சேமித்ததால்தான் அங்கே அடி பலமாக விழுந்தது. வலமிருந்து இடம் வாசிக்கும் அரபு, ஹீப்ரு பதிப்புகளுக்கு இதே படங்களைக் கொடுப்பதாக இருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். படத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். அப்போது கடிகார எண்கள் காலை வாரும். இங்கே கடிகாரத்தில் எண்ணே போடவில்லை.

‘டமால்’ எடுக்கப்பட்ட கதை

தமிழில் ஒலிக்குறிப்புக்குப் பஞ்சமில்லை. தொப், டமால், சர்ர், கலகல, கடகட. படம் வரையும் கை இவற்றை எழுதத் துறுதுறுக்கும். முதல் டம்மியில் பானைக்கு மேல் 3 செ.மீ. உயரத்தில் ‘டமால்’ இருந்தது. வாசிப்பவர் அதைக் குரல் உயர்த்தி வாசித்தார், அத்தோடு முடிந்தது. ‘சத்தமே இல்லை’ என்று பச்சைப்பொய் சொல்லிக்கொண்டிருக்கும் அதே குரல் உண்மையையும் சொல்லிவிட்டால் பொய்க்கு மதிப்பில்லை. எழுத்தை அழித்துவிட்டு வைத்தபோது குழந்தைப் பக்கத்திலிருந்தே ‘டமால்!’ வந்தது. அது அவர்கள் சொல்ல வேண்டிய சொல்.

அப்படியானால் சத்தத்தை எதில் வரைவது? மூன்று இடங்கள் கைகொடுத்தன. ஒன்று, கேட்பவரின் காது: தூங்கும் முயலின் ஒரு காது நிமிர்ந்து, மறுகாது இன்னும் படுத்திருக்கிறது. இரண்டு, சுவரில் இருப்பவை: சட்டகம் 10 பாகை சாய்ந்திருக்கிறது, கடிகாரத்தின் விளிம்பு இரட்டைக் கோடாக நடுங்குகிறது. மூன்று, தூசி: பாதத்தைச் சுற்றி மூன்று சிறு வளைவுகள், நான்காவது போட்டால் புகை மாதிரி ஆகிவிடும். மூன்றையும் ஒரே படத்தில் கொட்டக் கூடாது, இரண்டு போதும். ஓசைச் சொல் புத்தகத்தில் ஒரே இடத்தில்தான் வருகிறது: அடுக்களையில் ‘மடக் மடக்’. நீர்யானையே ஒப்புக்கொள்ளும் சத்தம் அது ஒன்றுதான்.

கண்

நீர்யானையின் கண்மணி அச்சில் 4 மி.மீ. புள்ளி. இந்தப் புள்ளிக்குப் போன நேரம் பின்னணி முழுமைக்கும் போகவில்லை, அது சரியான கணக்குதான். ட்ரேசிங் தாளில் முகத்தை வெற்றுக் கண்ணோடு ஒருமுறை வரைந்து, மேலே வேறு சிறு துண்டுகளில் கண்ணை மட்டும் வரைந்து நகர்த்திப் பார்க்க வேண்டும். புள்ளி நடுவில், மேல் இமை பாதி மூடியிருந்தால் ‘நம்மை மிஞ்ச ஆள் இல்லை’ என்ற திருப்தி. அதே புள்ளி 1 மி.மீ. பின்பக்கம் போனால் ‘ஏதோ கேட்டதோ?’ என்ற சந்தேகம். சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் அதிர்ச்சி. புருவம், வாய் எதையும் தொடாமலே மூன்று மனநிலை.

பானை தலையில் இருக்கும் 14-15-க்கு முதலில் போட்டது அதிர்ச்சிக் கண். சிரிப்பு வரவில்லை. நீர்யானைக்கு நடந்தது தெரிந்துவிட்டால் அது பாவம் என்றுதான் தோன்றும். அரை இமை, திருப்திப் புன்னகை என்று மாற்றி, வட்டக் கண்ணை முயலுக்குக் கொடுத்தோம். ஒரே சட்டகத்தில் ஒருவர் நிம்மதி, இன்னொருவர் திகைப்பு. அந்த இடைவெளி போதும்.

புத்தகம் முழுக்க முகபாவத்துக்கு ஒரு ஏணியும் வேண்டும். 0 அமைதி, 5 உச்சம் என்று எண் போட்டதில் முதல் டம்மி இப்படி இருந்தது: 4, 5, 4, 5, 5, 4… எல்லாப் பக்கமும் வாய் பிளந்தபடி. உச்சம் வரும்போது ஏற இடம் இல்லை. மாற்றிய வரிசை: 0, 0, 1, 1, 1, 1, 1, 2, 1, 2, 2, 2, 5, 3. பதின்மூன்றாவதில்தான் வாய் முதல்முறை திறக்கிறது.

கனமான உடம்பு, மெல்லிய நடை

நுனிக்காலில் நடக்கும் நீர்யானை முதலில் வெறுமனே நிற்பதாகத்தான் தெரிந்தது. குதிகாலை எவ்வளவு தூக்கினாலும் சரியாகவில்லை. பிழை காலில் இல்லை, நிழலில் இருந்தது. பாதத்தோடு ஒட்டிய நிழல், கனம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லும். தூக்கிய காலின் நிழலை 3 மி.மீ. கீழே தள்ளி, விளிம்பை மங்கலாக்கியதும் கால் எழுந்தது. கூடவே வயிற்றின் கீழ்க்கோட்டைத் தட்டையாக வைக்காமல் முன்பக்கம் மேலேறவிட்டு, வாலைக் கயிறு மாதிரி விறைத்து நிறுத்தினோம். வால் விறைத்தால் மூச்சைப் பிடித்திருப்பது தெரிகிறது.

ஒவ்வொரு நிலையையும் முழுக் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பது பழைய சோதனைதான், ஆனாலும் அசராத சோதனை. கறுப்பு வடிவத்தில் யார், எந்தப் பக்கம், என்ன செய்கிறார் என்பது தெரியாவிட்டால் நிறமும் கோடும் காப்பாற்றாது. குரங்கு எழுந்த காட்சி இதில் தோற்றது. கை உடம்புக்குள்ளேயே மறைந்து உருளைக்கட்டையாகத் தெரிந்தது. கையை வெளியே இழுத்துத் தலையணையைப் பிடிக்க வைத்ததும் சரியாயிற்று.

வரிசை நீளநீள இடமும் போகும். ஆறு பேர் பின்னால் நிற்க வேண்டும், நீர்யானையோ வலது ஓரத்தில் முட்டுகிறது. உருவத்தைப் படிப்படியாகச் சுருக்கினோம்: முதல் காட்சியில் பக்க உயரத்தில் 60%, பன்னிரண்டாவதில் 35%. திடீரென்று சுருக்கினால் குட்டி நீர்யானை என்று நினைப்பார்கள். கதவு, மேசை, நீர்யானை மூன்றும் சேர்ந்தே குறைய வேண்டும்.

ஒரே சிரிப்பு மூன்று முறை வருவதானால் சட்டகம் அசையக் கூடாது. தரைக்கோடு அடியிலிருந்து 6 செ.மீ., அதே சுவர், அதே சன்னல். லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரியும் பலகை) வைத்து நகல் எடுத்து, மாறுவதை மட்டும் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் கோணத்தை மாற்றினால் படம் அழகாகலாம், ஆனால் எது மாறியது என்று குழந்தை ஒப்பிட முடியாது. அதற்காக யார் கையில் என்ன என்ற பட்டியலும் தேவை. வாத்தின் நீலத் தம்ளர் ஒரு பக்கத்தில் சிவப்பாக இருந்ததைக் கண்டுபிடித்தது பெரியவர்கள் இல்லை.

இருட்டும் அச்சும்

இரவுக் கதையில் பெரிய ஆபத்து, சிரிப்பே இருட்டுக்குள் போய்விடுவது. நிறம் தொடுவதற்கு முன் எல்லாப் படங்களையும் சாம்பல் மூன்று படியில் செய்தோம்: பின்னணி அடர்த்தி, நீர்யானை நடுத்தரம், பார்க்க வேண்டிய இடம் மட்டும் வெளிச்சம். 12-13-இல் அந்த வெளிச்சம் வால்நுனிக்கு. சன்னல் நிலவொளி என்ற சாக்கு எப்போதும் கைவசம் இருக்கிறது. பூச்சில்லாத தாளில் மை பரவி நிறம் இன்னும் அடர்வதால், அடர்நீலத்தைத் திரையில் பிடித்ததைவிட 10 முதல் 15% வெளிறவிட்டோம். மாதிரி அச்சு எடுக்காமல் இரவுக் காட்சியை அனுப்புவது சரியில்லை.

இரட்டைப் பக்கக் கோப்பு, வெளிப்புறம் எல்லாப் பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் படம்) சேர்த்து 50.6-க்கு 20.6 செ.மீ. 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5976-க்கு 2433 பிக்சல். வெட்டுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. உள்ளே எழுத்து, முகம் எதுவும் இல்லை. நடுமடிப்பில் இருபுறமும் 12 மி.மீ. அதே காவல். ஒருமுறை நீர்யானையின் மூக்கு மடிப்புக்குள் விழுந்து, கரடி மாதிரி ஆயிற்று. முதுகில் பசை போடும் கட்டு, நடுவில் பின் அடிக்கும் கட்டைவிட அதிகம் விழுங்கும்.

எழுத்தின் அளவு 20 பாயின்ட், வரி இடைவெளி 32. கி, கீ மேலே எழும்புவதும் கு, ழு கீழே இறங்குவதும் நெருங்கினால் புதிதாக எழுத்துக் கூட்டுபவர் தடுமாறுவார். அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு, எழுத்து கறுப்புத் தகட்டில் மட்டும். நான்கு நிறத்தில் கலந்தால் தகடு முடியளவு விலகினாலும் எழுத்தோரம் மங்கும், வேறு மொழிப் பதிப்புக்கு நான்கு தகட்டையும் மாற்ற நேரும்.

நத்தை

எழுத்தில் இல்லாத ஒரு நத்தை தலைப்புப் பக்கத்திலிருந்தே புறப்படுகிறது. அதற்கும் தாகம். முதலில் 5 மி.மீ. அளவில் வைத்தோம், யாரும் பார்க்கவில்லை. 12 மி.மீ. ஆக்கி, முதல் மூன்று பக்கங்களில் வெறும் சுவரை ஒட்டித் தனியாக விட்டோம். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு மேசைக்காலுக்குப் பின்னால் ஒளித்தாலும் விரல் தேடிப் போகிறது. இரண்டாம் வாசிப்பில் நீர்யானையை விட்டுவிட்டு நத்தைக்காகவே புரட்டுகிறார்கள். ஒரு பக்கத்தில்கூட மறக்கக் கூடாது. எட்டாவதில் விட்டுப்போனதும் ‘நத்தை செத்துடுச்சா?’ என்ற கவலை வந்தது.

வேகமும் கணக்குதான். நீர்யானை ஒரு அறையைக் கடக்கும் நேரத்தில் நத்தை ஒரு தரைக்கல்லைத்தான் கடக்கும். ஆனால் ஒவ்வொரு காட்சியும் புதிய அறை என்றால் நத்தை பின்தங்கிவிடும். அதனால் எட்டாவதில் முயலின் போர்வையில் ஏற்றினோம். போர்வை தரையில் இழுபட, நத்தை சொகுசாக வருகிறது.

கடைசிப் பக்கத்துக்கு ‘நத்தையும் வந்து சேர்ந்தது’ என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்ததும் இதுவரை ரகசியமாக வைத்திருந்தவர்களின் முகம் விழுந்தது. வரியை எடுத்துவிட்டோம். பக்கம் 32-இல் இப்போது தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன் விளிம்பில் நத்தை. பக்க எண்கூட இல்லை.